கேட்டறிந்த தாதி

வைத்தியசாலையில் நோயாளியின் அருகே மிக நீண்ட நேரம் நிற்பவர் யார் என்று கேட்டால், விடை கூறுவது எளிது. வைத்தியர் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வந்து பார்த்து, மருந்து எழுதிவிட்டுச் செல்கிறார். உறவினர் பார்வை நேரத்தில் வந்து, மணி அடித்ததும் திரும்பிவிடுகின்றனர். நள்ளிரவிலும், விடிவதற்கு முன்னுள்ள அந்த நீண்ட நேரத்திலும் கட்டிலருகே வந்து நிற்பவர் தாதி ஒருவரே. பகலில் எவருக்கும் சொல்லாத ஒன்றை நோயாளி அந்த வேளையில் அவரிடம் சொல்லிவிடுவதுண்டு. ஆயினும், தாதி இவ்வாறு கேட்டறிவது ஓர் அறிவு என்று உலகம் நெடுங்காலம் கருதியதில்லை. மருந்தின் அளவையும் காய்ச்சலின் பாகையையும் குறித்து வைக்க ஏடு இருந்தது. நோயாளி சொன்ன சொல்லைக் குறித்து வைக்க ஏடு இருக்கவில்லை.

அந்தச் சொல்லையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு உழைத்த அமெரிக்கத் தாதி ஒருவரைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அவர் பெயர் மார்கரெட் கேர்னி. பெண்களின் உடல்நலமும், போதைப் பழக்கத்தில் சிக்கிய பெண்களின் மீட்சியும் அவர் ஆராய்ந்த துறைகள். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி மிகச் சிறியது போலத் தோன்றும். போதைப்பொருளுக்கு அடிமைப்பட்ட ஒரு தாய், தன் குழந்தையைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதே அது. அக்கேள்வியின் பெறுமதியை உணர்வதற்கு, அது கேட்கப்பட்ட காலம் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பெருநகரங்களிலே 'கிராக்' என்னும் புதிய போதைப்பொருள் பரவிற்று. கொக்கெயின் தூளை அப்பச்சோடாவும் நீரும் சேர்த்துக் காய்ச்சினால், சிறு சிறு கட்டிகளாக உறைந்துவிடும். அக்கட்டியைச் சூடாக்கிப் புகையை உள்ளிழுப்பார்கள். சூடேறும்போது எழும் வெடியொலியே அதற்குப் பெயராயிற்று. தூளாக விற்ற காலத்தில் செல்வர்களின் கைப்பொருளாயிருந்த கொக்கெயின், கட்டியானதும் சில டொலருக்குத் தெருமுனையிற் கிடைத்தது. வேலையற்றோரும் வறியோரும் வாழ்ந்த பேட்டைகளில் அது தீயெனப் பரவிற்று. பெண்களும் அதில் விழுந்தார்கள். அவர்களுட் பலர் கர்ப்பிணிகள். பலர் பிள்ளை பெற்ற தாய்மார்.

1985ஆம் ஆண்டில் ஐரா சாஸ்னொவ் என்னும் குழந்தை வைத்தியரும் அவர்தம் குழுவினரும், கொக்கெயின் பாவித்த 23 கர்ப்பிணிகளைப் பற்றிய கட்டுரையொன்றைப் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் வெளியிட்டனர். அது முதற்படியான ஓர் ஆய்வு. ஆனால் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அந்த எல்லையில் நிற்கவில்லை. 'கிராக் குழந்தைகள்' என்றொரு பெயரைப் படைத்து, இக்குழந்தைகள் கற்கமாட்டா, ஒருவரிடத்து அன்பு கொள்ளமாட்டா, நாட்டுக்கு என்றுமே சுமையாயிருக்கும் என்று எழுதினர். இவர்கள் பாடசாலைக்கு வரும் நாளில் என்ன செய்வது என்று ஆசிரியர்கள் அச்சுறுத்தப்பட்டனர். குழந்தைக்கு இத்தகைய பெயர் சூட்டிய நாடு, தாய்க்கு எத்தகைய பெயர் சூட்டியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தாய்மை உணர்வே அற்றுப்போனவள் என்பது அக்காலத்தின் முடிவாயிற்று.

அந்த முடிவிலிருந்து தண்டனை பிறந்தது. தென் கரோலினா மாநிலத்தின் சார்ள்ஸ்டன் நகரில் நடந்ததைக் கூறுகிறேன். 1988ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அந்நகரின் அரசாங்க வைத்தியசாலையொன்றில் கொக்கெயின் பாவிக்கும் கர்ப்பிணிகளைப் பற்றிய கவலை மிகுந்திருந்தது. அங்கே பணிபுரிந்த தாதி ஒருவர், வேறொரு நகரிலே இத்தகைய கர்ப்பிணிகளைப் பொலிசார் கைது செய்கிறார்கள் என்ற செய்தியை ஒலிபரப்பொன்றிற் கேட்டார். கேட்டதை வைத்தியசாலையின் சட்டத்தரணிக்குத் தெரிவித்தார். அதன்மேல் வைத்தியசாலையும் பொலிசாரும் அரச வழக்கறிஞரும் கூடி ஒரு திட்டம் வகுத்தனர். 1989ஆம் ஆண்டில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்ணின் சிறுநீர் சோதிக்கப்பட்டு, அதிற் கொக்கெயின் காணப்பட்டால் செய்தி பொலிசாருக்குச் சென்றது. பெண்கள் கைது செய்யப்பட்டனர்.

அவர்களுள் 10 பெண்கள் வழக்குத் தொடுத்தனர். வழக்கு நெடுங்காலம் நடந்தது. 2001ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம், நோயாளியின் சம்மதமும் நீதிமன்றப் பிடியாணையும் இன்றிப் பொலிசாருக்குச் சான்று திரட்டும் நோக்குடன் நடத்தப்படும் சோதனை அரசியலமைப்புக்கு முரணானது என்று, 6 நீதியரசர்கள் ஒருபுறமும் 3 நீதியரசர்கள் மறுபுறமுமாக நின்று தீர்ப்பளித்தது.

அந்தத் தாதி தீய எண்ணத்தினால் அவ்வாறு செய்தார் என்று கூற நான் துணியேன். பிறக்கப்போகும் சிசுவை எண்ணி அவர் நெஞ்சம் பதைத்திருக்கும். 'அடியாத மாடு படியாது' என்பது நம்மவர் வாயிலும் வழங்கும் பழமொழி. பிரம்பை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்த ஒரு காலம் ஆசிரியத் தொழிலிலே எனக்கும் இருந்தது. பிரம்பைக் கண்ட பிள்ளை திருந்துகிறானா, அல்லது பாடசாலைக்கு வராமலே நின்றுவிடுகிறானா என்ற கேள்வி எனக்கு மிகப் பிந்தியே தோன்றிற்று. இதே கேள்வியைத்தான் கேர்னி அவர்கள், பாடசாலையை விட்டு வைத்தியசாலையிலே வைத்துக் கேட்டார் எனலாம். அஞ்சிய தாய் திருந்துகிறாளா, அல்லது மறைந்துவிடுகிறாளா?

இனி, அவர் எவ்வாறு விடை தேடினார் என்பதைப் பார்ப்போம். சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தாதியியற் பள்ளி ஒரு தனிச் சிறப்புடையது. அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்னும் சமூகவியல் அறிஞர் 1960ஆம் ஆண்டிலே அங்கு வந்து சேர்ந்தார். அவரும் பார்னி கிளேசர் என்பவரும், வைத்தியசாலைகளிலே மரணத் தறுவாயில் இருப்போரையும் அவர்களைப் பராமரிப்போரையும் கண்டு ஆராய்ந்தனர். அந்த அனுபவத்தின் பயனாக 1967ஆம் ஆண்டில் ஒரு புதிய ஆய்வு முறையை நூலாக வெளியிட்டனர். அம்முறையின் சாரம் இதுதான்: ஆய்வாளர் ஒரு கொள்கையை முன்னரே வகுத்துக்கொண்டு, அதற்கு ஆதாரம் தேடிச் செல்லலாகாது. முதலில் மக்கள் சொல்வதைக் கேட்டல் வேண்டும். கேட்டதை வரிவரியாகப் பிரித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மீண்டும் சென்று கேட்டு, அவ்வாறு திரண்ட செய்திகளிலிருந்தே கொள்கையைக் கட்டியெழுப்புதல் வேண்டும். அத்திவாரம் கீழே இட்டு வீட்டை மேலே கட்டும் முறை இது. கேட்டலையே தொழிலின் ஒரு பகுதியாகக் கொண்ட தாதியருக்கு இம்முறை மிகவும் பொருந்திற்று.

இந்த மரபிலே பயின்ற கேர்னி, ஷீக்லா மேர்பி, மார்ஷா ரோசன்போம் என்னும் இரு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கிராக் பாவித்துக்கொண்டே பிள்ளை வளர்த்த 68 பெண்கள் கூறியவற்றை ஆராய்ந்தார். ஆய்வின் முடிவு 1994ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது ஊரார் முடிவுக்கு நேர்மாறானது.

தாய்மை உணர்வு அற்றவர்கள் என்று தள்ளப்பட்ட அப்பெண்கள், தாய்மையை மிக உயர்வாக மதித்தார்கள். பிள்ளையை இவ்வாறு வளர்த்தல் வேண்டும், இன்னது செய்தல் ஆகாது என்ற உறுதியான அளவுகோல்கள் அவர்களிடம் இருந்தன. கிராக் தங்கள் கவனத்தையும் பணத்தையும் பிள்ளையிடமிருந்து பறிக்கிறது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆகவே அதற்கு எதிராகத் தங்களால் இயன்ற அரண்களை எழுப்பினார்கள். பிள்ளையின் கண்ணிற் படாத இடத்தில் மட்டும் புகைத்தார்கள். கையிற் பணம் வந்ததும் உணவையும் வீட்டுத் தேவைகளையும் முதலில் வாங்கிவிட்டு, எஞ்சியதையே போதைக்குச் செலவிட முயன்றார்கள். தங்களால் இனி முடியாது என்று கண்டபோது, பிள்ளையை உறவினரிடம் ஒப்படைத்தார்கள். இந்தப் போராட்டத்தைத் 'தற்காப்பு ஈடுசெய்தல்' என்ற பொருள்படும் தொடரால் ஆய்வு குறித்தது. ஒரு கையால் இழந்ததை மறு கையால் ஈடுசெய்ய முயன்றார்கள். பிள்ளையையும் காக்க முயன்றார்கள், 'நான் ஒரு தாய்' என்ற தங்கள் மதிப்பையும் காக்க முயன்றார்கள்.

அந்த முயற்சி பல வேளைகளில் தோற்றது. இதனையும் ஆய்வு மறைக்கவில்லை. பிள்ளை பறிக்கப்பட்டபின் நேர்ந்ததையும் அது கூறிற்று. தாய் அந்த அடியால் திருந்தினாளா? அடக்கி வைத்திருந்த பழக்கம் அதன்பின் மிகுந்தது என்பதே அப்பெண்களின் வாக்குமூலம். எந்த ஒரு பொருட்டு அவள் தன்னை அடக்கிக்கொண்டிருந்தாளோ, அந்தப் பொருட்டே வீட்டை விட்டுப் போய்விட்டது.

1995ஆம் ஆண்டில் மற்றொரு கட்டுரை வந்தது. இது கர்ப்ப காலத்தைப் பற்றியது. கர்ப்பிணியாயிருக்கையில் வாரத்துக்கு ஒருமுறையேனும் கிராக் பாவித்த 60 பெண்களின் கூற்றுகள் இதற்கு அடிப்படை. இப்பெண்களின் நிலையைக் கேர்னி இரு கட்டங்களாக வகுத்தார். முதற் கட்டம், தான் கருவுற்றிருக்கிறேன் என்ற உண்மையை எதிர்கொள்வது. இரண்டாவது கட்டம், தீங்கிலிருந்து தப்புவது. தீங்கு என்பது ஒன்றல்ல, இரண்டு. கருவிலுள்ள சிசுவுக்கு வரும் தீங்கு ஒன்று. தனக்கு வரும் அவமானமும் தண்டனையும் மற்றொன்று. முதலாவது தீங்கைத் தவிர்க்க வேண்டுமாயின், பழக்கத்தைக் குறைத்தல் வேண்டும். நல்ல உணவு உண்ணல் வேண்டும். வைத்தியரிடம் செல்லல் வேண்டும். ஆனால் வைத்தியரிடம் சென்றால் இரண்டாவது தீங்கு வந்து சூழும். இரு தீங்குகளுக்கும் நடுவே அகப்பட்டவள், வைத்தியசாலைப் படியில் ஏறாமலே நாட்களைக் கழிக்கிறாள். அல்லது ஏறி, உண்மையை மறைக்கிறாள்.

நேயர்களே, சார்ள்ஸ்டன் நகரத்துத் திட்டத்தின் குறைபாடு இங்கே வெளிப்படுகிறது. சிசுவைக் காப்பதற்காக எழுப்பிய அச்சமே, சிசுவுக்கு உதவி கிடைக்கும் ஒரே வாயிலை அடைத்தது. நீதிமன்றம் இதனைச் சட்டத்தின் வழியே தீர்த்தது. கேர்னியோ, கட்டிலருகே நின்று கேட்கும் தாதியின் வழியே, அத்தீர்ப்புக்கு 6 ஆண்டுகள் முன்னதாகவே அதன் காரணத்தைக் கண்டு கூறியிருந்தார்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. விழுந்ததை ஆராய்ந்தவர், எழுவதையும் ஆராய்ந்தார். பெண்கள் போதையிலிருந்து மீள்வதைப் பற்றிப் பல ஆய்வாளர் தனித்தனியே செய்திருந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 1998ஆம் ஆண்டில் ஒரு பொதுக் கோட்பாட்டை வெளியிட்டார். அதன் கருத்து சிந்திக்கத்தக்கது. மதுவையும் போதைப்பொருளையும் நாடிய பெண்கள், தங்களை அழித்துக்கொள்ளும் நோக்கத்துடன் அவற்றை நாடவில்லை. பட்ட துன்பத்துக்கு ஓர் ஆறுதலாகவே நாடினார்கள். அது தன்னைத் தானே பேணிக்கொள்ளும் ஒரு முயற்சி. ஆனால் தன்னையே அழிக்கும் பொய்யான பேணல். மீட்சி என்பது, அந்தப் பொய்யான பேணலை விட்டு, உண்மையான பேணலைக் கற்றுக்கொள்வது. அதற்கு மூன்று வகை உழைப்பு வேண்டும் என்றார் அவர். போதையைத் தொடாதிருக்கும் உழைப்பு ஒன்று. தன்னைத் தானே அறிந்து, தன்மேல் மதிப்புக் கொள்ளும் உழைப்பு இரண்டு. மற்ற மனிதருடன் அறுந்துபோன உறவை மீண்டும் முடியும் உழைப்பு மூன்று. முதலாவதை மட்டும் கேட்டு, மற்ற இரண்டுக்கும் இடங்கொடாத சிகிச்சை நெடுநாள் நிலைக்காது என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். தாயின் மனத்தை ஆராய்ந்தது சரி. கொக்கெயின் சிசுவைக் கெடுப்பது உண்மையன்றோ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கர்ப்பிணி கொக்கெயின் பாவித்தால், நச்சுக்கொடி பிரசவத்துக்கு முன்னரே கருப்பைச் சுவரினின்று பிரியும் ஆபத்து மிகுகிறது. குழந்தை காலத்துக்கு முந்திப் பிறத்தலும், எடை குறைந்து பிறத்தலும் உண்டு. இதில் ஐயமில்லை. ஆனால் 'கிராக் குழந்தைகள்' என்று நாடு அஞ்சிய அந்தப் பேரழிவு மட்டும் வரவில்லை. 2001ஆம் ஆண்டில் டெபோரா பிராங்க் என்னும் வைத்தியரும் குழுவினரும் 36 ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்தனர். 6 வயது வரையுள்ள பிள்ளைகளிடத்திலே, கொக்கெயினால் மட்டுமே விளைந்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க பெருங்கேடு காணப்படவில்லை என்றும், கொக்கெயினுக்கு உரியவை என்று எண்ணப்பட்ட விளைவுகள் பலவற்றுக்குப் புகையிலை, மது, கஞ்சா, பிள்ளை வளரும் சூழல் ஆகியனவும் காரணமாகலாம் என்றும் கண்டனர்.

பிலடெல்பியா நகரில் ஹலம் ஹேர்ட் என்னும் வைத்தியர் இதனினும் பொறுமையான பணியொன்றைச் செய்தார். 1989ஆம் ஆண்டு முதல் 224 குழந்தைகளைச் சேர்த்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பின்தொடர்ந்தார். அவர்களுள் ஏறக்குறையச் சரிபாதியினர் கருவிலே கொக்கெயினுக்கு உட்பட்டவர், மறுபாதியினர் உட்படாதவர், இரு சாராரும் வறுமையிற் பிறந்தவர். இறுதியில் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரு சாராரும் கல்வியிற் பின்தங்கியே இருந்தனர். பிள்ளைகளின் வளர்ச்சியைக் கெடுத்ததில் கொக்கெயினை விட வறுமையே வலிமை மிக்கது என்று அவர் கண்டார். ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் நெற்றியிலே பிழையான பெயரொன்றை எழுதிவிட்டு, உண்மையான நோயைப் பாராமல் விட்டுவிட்டது அந்நாடு. வகுப்பறையிலே ஒரு பிள்ளையை 'இவன் படிக்கமாட்டான்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அச்சொல்லை அழிக்க எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்பதை அறிந்தவன் என்ற முறையில், இம்முடிவைப் படித்தபோது என் மனம் கனத்தது.

இத்தகைய ஆய்வுகள் பலவும் சேர்ந்து மெல்ல மெல்லக் கருத்தை மாற்றின. 2011ஆம் ஆண்டில் அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கல்லூரி, போதைப் பழக்கமுள்ள கர்ப்பிணிகளைத் தண்டிக்கும் முறை அவர்களைச் சிகிச்சையிலிருந்து விரட்டுகிறது என்று வெளிப்படையாகக் கூறிற்று. 2014ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய கர்ப்பிணிகளின் பராமரிப்புக்கான வழிகாட்டியொன்றை வெளியிட்டது. பெண்ணின் தன்னுரிமையை மதித்தலும், பழியும் பாகுபாடும் அவளை அணுகாதவாறு காத்தலும் அதன் அடிப்படை நெறிகளுட் சேர்ந்தன. ஆயினும் வழி நேராக இருக்கவில்லை. அதே 2014ஆம் ஆண்டில் டெனசி மாநிலம் இத்தாய்மாரைத் தண்டிக்கும் சட்டமொன்றை இயற்றிற்று. 2016ஆம் ஆண்டில் அது புதுப்பிக்கப்படாமற் காலாவதியாயிற்று.

இன்று அமெரிக்காவை வாட்டுவது அபினைச் சேர்ந்த போதைப்பொருள்கள். அவற்றுக்கு உட்பட்ட தாயின் குழந்தை, பிறந்த சில நாட்களில் அப்பொருள் கிடையாமையால் நடுங்கும், ஓயாது அழும். முன்னைய முறையில், குழந்தையின் அறிகுறிகளை நெடியதொரு பட்டியலின்படி எண்ணி, எண்ணிக்கை மிகுந்தால் மருந்து கொடுப்பார்கள். புதிய முறையிலோ தாதியர் மூன்றே கேள்விகள் கேட்கின்றனர். குழந்தை பால் குடிக்கிறதா? சிறிது நேரம் உறங்குகிறதா? அழுதால் ஆற்ற முடிகிறதா? ஆற்றுவதற்கு முதல் மருந்து தாயின் மார்பும் அணைப்புமே. 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 26 வைத்தியசாலைகளிலே 1305 குழந்தைகளைக் கொண்டு இரு முறைகளையும் ஒப்பிட்டனர். பழைய முறையில் குழந்தை வீடு செல்லத் தகுதி பெறச் சராசரியாக 14.9 நாட்கள் சென்றன; புதிய முறையில் 8.2 நாட்களே சென்றன. அபின் வகை மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் பழைய முறையில் நூற்றுக்கு 52. புதிய முறையில் நூற்றுக்கு 19.5. எந்தத் தாயை முன்னர் வைத்தியசாலையிலிருந்து பொலிசார் அழைத்துச் சென்றார்களோ, அத்தகைய தாயே இன்று தன் குழந்தைக்கு மருந்தாக அமர்ந்திருக்கிறாள். இந்த ஆய்வு கேர்னியுடையதன்று. ஆனால் தாயைக் குற்றவாளியாகக் காணாது, பராமரிப்பிலே பங்காளியாகக் காணும் பார்வை, அவரைப் போன்றோர் முன்னரே வெட்டிச் சென்ற வழியில் வந்தது என்பதில் ஐயமில்லை.

கேர்னி பின்னர் பாஸ்டன் கல்லூரியிலும், ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராகப் பணியாற்றினார். ரோச்செஸ்டரில் பட்டமேற்படிப்புகளுக்கெல்லாம் தலைமை வகிக்கும் பதவியும் வகித்தார். தாதியியல் ஆய்விதழொன்றின் ஆசிரியராயிருந்து, பிற தாதியர் எழுதிய ஆய்வுகளைச் செப்பனிட்டு வெளியிட்டார். கணவரிடம் வன்முறைக்கு உட்படும் பெண்கள் ஏன் அந்த உறவிலே நிற்கிறார்கள், எவ்வாறு அதிலிருந்து வெளியேறுகிறார்கள் என்பதையும் அதே முறையில் ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் எழுதினார். அவர் புதிய மருந்து எதனையும் கண்டுபிடிக்கவில்லை. புதிய கருவி எதனையும் செய்யவில்லை. எவரும் கேட்காதவர்களிடம் சென்று கேட்டார். கேட்டதைத் திரிக்காமல் எழுதினார். அவருடைய பணி முழுவதையும் இந்த இரண்டு செயல்களுள் அடக்கிவிடலாம்.

நாம் எல்லோரும் ஆய்வாளர் ஆதல் இயலாது. ஆனால் அயலிலே குடியினாலோ போதையினாலோ சீரழிந்த ஒரு குடும்பத்தைக் காணும்போது, அந்தத் தாயைப் பற்றி நாம் பேசும் சொற்கள் எத்தனை. அந்தத் தாயிடம் நாம் கேட்ட சொற்கள் எத்தனை? இக்கேள்வியை உங்களிடத்தும் என்னிடத்தும் ஒருசேர வைத்து, இப்பேச்சை முடித்துக்கொள்கிறேன்.